சிவப்பு கிரீஸ் இல்லாத நாள்

'நான் சொல்லவில்லை' என்று ஒருமுறை சொன்னேன். சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யால் முனியப்பா என்ற மெக்கானிக்குக்கு வேலை போனது. தன் மேல் இல்லாத தவறுக்கு அவர் ஒரு வாடிக்கையாளரிடம் கன்னத்தில் அறை வாங்கினார். அறை விழுந்தபோது நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதுவது எளிதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. ஓசூரில் நான் கடைசியாக வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து சிலர் சென்ற வருடம் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது பிரேக் காலிப்பர் ஜாம் ஆனால் யாரும் பிரிப்பதில்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள். ஆனால் இருபது வருடம் ஓடிய காருக்குப் புதிது எங்கே கிடைக்கும்? கர்நாடகப் பதிவெண்ணோடு எல்லை தாண்டி வந்து நிற்கிற பழைய கார்கள் அவர்களுக்குப் பெரிய தொல்லை. "பிரிச்சு வேலை பாக்கறத ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், சுவத்துல ஒட்டி வெச்சுக்கறோம்" என்றார்கள். சரி என்றேன். காலிப்பரின் 'பின்' என்கிற கம்பிக்கு கிரீஸ் தடவுகிற கட்டம் வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. தாள்களை அப்படியே வைத்துவிட்டு பாரூருக்குப் போக வேண்டியிருந்தது. போய் வந்த பிறகு, அதற்கப்புறம் நடந்ததும் நடந்து முடிந்த பிறகு, எழுதுவது இது.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். தொழிற்பேட்டையில் இரண்டு தொழிற்சாலைகள் மாறி, பகுதிநேரமாகப் படித்துப் பட்டமும் வாங்கி, பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அதுவரை நடந்ததில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒர்க்‌ஷாப் மேனேஜர் வரதராஜன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். எல்லோரையும், தரை பெருக்குகிறவரைக்கூட, நீங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் தணியும். ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே நின்றுவிடும். பிரேக் வேலை முடிந்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நான்கு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை காய்ப்பேறியது, அதற்குச் சூட்டில் வித்தியாசம் தெரியாது என்பார். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் வண்டி திரும்ப ஜாக்கில் ஏறும். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. யாரையாவது வேலையைவிட்டு அனுப்புவதென்றால் முதலில் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காப்பி வரவழைத்துக் கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை ஊர் விஷயம் பேசுவார். அவர் அறைக்குள் இரண்டு காப்பி போனால் வெளியே எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம்.

முனியப்பா பாகலூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, வரதராஜனிடம் கன்னடம், என்னிடம் தமிழ். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "சார் பேசுனா ரேடியோ போட்ட மாதிரி இருக்குது, ஆஃப் பண்ணவும் மனசு வராது" என்பார். பிரேக் வேலை என்றால் அவர்தான். படிப்பு எட்டாவதோ ஒன்பதாவதோ. ஆனால் பிரேக்கில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அவருக்கும் தெரியும். அந்த விவகாரத்தில் அதுதான் முக்கியமானது.

காலிப்பர் என்ன என்று தெரியாதவர்களுக்காக: சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி அது. பெடலை மிதித்தால் கவ்வ வேண்டும், காலை எடுத்தால் விட வேண்டும். விடாமல் பிடித்துக்கொள்வதைத்தான் ஜாம் என்கிறோம். வண்டி இழுக்காது, சக்கரம் சூடாகும், கருகிய வாடை வரும்.

அவசரப்பட்டு அதைக் கழற்றக் கூடாது. முதலில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால், காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிரேக் ஆயில் பீறிட்டு, சக்கரம் விட்டுவிட்டால் காலிப்பர் மேல் குற்றமில்லை. அதற்கு வருகிற ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால்தான் காலிப்பரில் கைவைக்க வேண்டும். உள்ளே இருக்கிற பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் கொடுக்கிறவர்கள் உண்டு. அது குண்டு மாதிரி தெறிக்கும். விரல் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஹோஸைக் கழற்றும் முன்பே, எதிரே ஒரு மரத்துண்டு கொடுத்து, காரின் பெடலையே மெல்ல மிதித்தால் பிஸ்டன் தானாக நகர்ந்து வரும். வந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே துருப்புள்ளி இருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றியாக வேண்டும். துரு சேர்வது பெரும்பாலும் சீல் என்கிற ரப்பர் வளையம் உட்காருகிற காடியில்தான். அதை மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பட்டால் கீறல் விழும், பிறகு ஆயில் கசியும். புதுச் சீலை பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார வைத்து, பிஸ்டனை இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியலைத் தேடினால் எங்கோ தப்பு.

அடுத்தது 'பின்' என்கிற இரும்புக் கம்பி. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது இரண்டு பின்களின் மேல். அவற்றுக்கு ரப்பர் உறை உண்டு. அங்கே போட வேண்டியது ரப்பருக்கென்றே வருகிற சிவப்பு கிரீஸ். சக்கர பேரிங்குக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ் போடக் கூடாது. அது பெட்ரோலியத்தில் செய்தது; பிரேக்கின் ரப்பர் அதைக் குடித்துக் குடித்து ஊதும். ஊத நாளாகும். அதனால் போட்ட அன்று எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் அதிலுள்ள மோசம்.

மாதையன் காரைக் கொண்டுவந்தது ஒரு மாதக் கடைசி நாளில். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்த விவசாயி. யாரிடமோ பழையதாக வாங்கிய வெள்ளைக் கார். அந்தக் கம்பெனி அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு மனைவியோடு வந்திருந்தார். வழியிலேயே சூளகிரிக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தில் புகை. இரண்டு முன் காலிப்பரும் பிடித்துக்கொண்டிருந்தன. முனியப்பா பிரித்து, காடியைச் சுத்தம் செய்து, சீல் மாற்றும் கட்டத்துக்கு வந்தபோது சிவப்பு கிரீஸ் டப்பா காலி. பெங்களூரிலிருந்து வர வேண்டும், திங்கட்கிழமை ஆகும்.

"திங்கக்கெழம குடுத்துடலாம் சார். அவரு மக வூட்லதான இருக்காரு" என்றார் முனியப்பா.

மாதக் கடைசி. அன்று மாலைக்குள் வெளியேறுகிற ஒவ்வொரு வண்டியும் அந்த மாதக் கணக்கில் சேரும். வரதராஜன் பெங்களூரில் மீட்டிங்கில் இருந்தார். அவர் அங்கே சொல்லப்போகிற எண்ணிக்கை என்னுடைய எண்ணிக்கை. அந்த மஞ்சள் வீல் கிரீஸையே லேசாகத் தடவச் சொன்னேன். முனியப்பா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ரப்பர் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

"அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம். நான் சொல்றேன்ல, போடுங்க" என்றேன்.

போட்டார். பின்னுக்கு மட்டுமல்ல, பிஸ்டனின் தூசி உறைக்கும், சீல் விளிம்புக்கும். அவர் தயங்கித் தயங்கிச் செய்ததை நேரம் போகிறது என்று வாங்கி, இரண்டாவது காலிப்பரை நானே செய்தேன். மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் அருமையாக இருந்தது. மாதையன் கைகூப்பிவிட்டுப் போனார். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது கிரீஸை மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

சில வாரம் கழித்து அவர் மறுபடி மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பினார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிறவர்களுக்கு மேலுமலை இறக்கம் தெரியும். ஊதிப்போன ரப்பர் பிஸ்டனைத் திரும்ப விடவில்லை. பிரேக் லேசாகப் பிடித்தபடியே வந்திருக்கிறது. இறக்கத்தில் அவர் மிதிக்க மிதிக்கச் சூடேறி, ஆயில் கொதித்து, பெடல் தரைக்குப் போய்விட்டது. முன்னால் லாரி. இடப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். அவருக்குச் சிராய்ப்பு. அவர் மனைவிக்கு வலது தோளெலும்பு நொறுங்கியது. பிளேட் வைத்தும் அந்தக் கை பிறகு தோளுக்கு மேல் எழவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காரை இழுத்துவந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே போட்டார்கள். வரதராஜன் முன்னால் நின்று பிரிக்கச் சொன்னார். சீலைக் கையில் எடுத்தார். விரலால் நசுக்கினார், பழைய பாகல் துண்டு மாதிரி கொழகொழவென்று இருந்தது. மோந்து பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் தன் அறைக்குப் போனார். நானும் முனியப்பாவும் பின்னால் போனோம்.

யார் இந்த கிரீஸைப் போடச் சொன்னது என்று கேட்டார்.

முனியப்பா கன்னடத்தில் சொன்னார்: "சாரே ஹாக்கு அந்த்ரு." சார்தான் போடச் சொன்னார். என்னைக் காட்டவில்லை, பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதற்குள் கன்னடம் நன்றாகப் புரியும். புரியாதவன் போல நின்றேன்.

வரதராஜன் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லலை சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் படித்தவன். இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தவன் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டான். அவருடைய கணக்கு அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும். என் சான்றிதழ்கள் எனக்குச் சாட்சி சொன்னது அந்த ஒரு முறைதான்.

மாதையன் வெளியே நின்றிருந்தார். சட்டையெல்லாம் காய்ந்த மண். தவறு எங்கள் பக்கம்தான், எங்கள் ஆள் தவறான கிரீஸைப் போட்டுவிட்டார், செலவு எல்லாம் எங்களுடையது என்று வரதராஜன் அவரிடம் சொன்னார். மாதையன் செலவைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த ஆள் என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் முனியப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அறை விழுந்தது. முனியப்பாவின் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைப் பக்கத்து டிரேயில் சத்தம் வராமல் வைத்தார்.

மறுநாள் காலை வரதராஜன் அறைக்குள் இரண்டு காப்பி போனது.

அதன் பிறகு ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பும் அவரை பிரேக் பக்கம் விடவில்லை. அந்த ஊரில் மெக்கானிக்குகள் பற்றிய பேச்சு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வழியாகத்தான் போகும். காலையில் ஒரு கடையில் சொன்னது மாலைக்குள் எல்லா ஷெட்டுக்கும் தெரிந்துவிடும். சில காலம் பஞ்சர் ஒட்டினார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டேன். வரதராஜன் ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். சக்கரங்களைப் புறங்கையால் தொட்டேன். எல்லோரையும் நீங்க என்றேன். நல்ல மேனேஜர் என்று பெயர் எடுத்தேன். வரதராஜன் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவரிடம் சொல்லப் பல வருடம் இருந்தது. சொல்லவில்லை.

இனி நான் செய்ய முயன்றது.

முதலில் முகவரி வேண்டும். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போனேன். முனியப்பா என்றதும் அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

"யாரு சார்... பிரேக்குக்கு வீல் கிரீஸ் போட்ட ஆளா?"

இத்தனை வருடம் கழித்தும் அவரை அடையாளம் காட்ட அதுதான் மிச்சமிருந்தது. அதைப் போடச் சொன்னது நான், ஒரு பக்கம் போட்டதே நான்தான் என்றேன். கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. கீழ வேலை பாத்த ஆளுக்காக யாரு இப்பிடிப் பேசுவாங்க" என்றார். இன்னொரு முறை அழுத்திச் சொன்னேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் முனியப்பா இருக்கிறார் என்று அவர்தான் சொன்னார்.

கெலவரப்பள்ளி என் வீட்டிலிருந்து பக்கம். பாரூர் தூரம். நான் பாரூருக்குப் போனேன். மாதையனிடம் சொல்லிவிட்டுப் போனால் முனியப்பாவின் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவரைப் பார்க்கப் பயம் என்பதே உண்மை.

மாதையன் வாய்க்காலை ஒட்டி வீடு கட்டியிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் நாற்காலி போட்டார். அவர் மனைவி இடது கையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கை எழாததால் வாரிக் கட்ட முடியாமல் அப்படியே விட்டுவிட்டாராம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாதக் கடைசி, காலி டப்பா, வரதராஜன் கேட்ட கேள்வி, என் பதில். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் மேல் கை ஓங்கினாலும் சரி என்றுதான் போயிருந்தேன். மாதையன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தாள நான் அடிச்சனே" என்றார்.

"ஆமாங்க."

"நீங்க பக்கத்துலதான நின்னுட்டு இருந்தீங்க?"

"ஆமாங்க."

"நான் அடிச்ச அடிய இப்ப எங்க கொண்டுபோயி வெக்கறது?"

கதவருகில் நின்ற அவர் மனைவி, "கை நீட்டாதன்னு அன்னைக்கே ஆஸ்பத்திரில சொல்லித்தான அனுப்பிச்சன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

மாதையன் முனியப்பா இருக்கும் இடத்தை மட்டும் கேட்டார். சேர்ந்து போகலாம், காரில் கூட்டிப்போகிறேன் என்றேன். "நீங்க வராதீங்க" என்றார். மரியாதையோடுதான் சொன்னார். எழுந்து வாசல்வரை வந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவன் அந்தக் கிழவரிடம் ஒரு சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டித்தான் எனக்கு உறைத்தது.

அப்படியும் உடனே கெலவரப்பள்ளிக்குப் போகவில்லை. மாதையன் போய் வரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு ஒரு மதியம் போன் வந்தது.

"சார், முனியப்பா."

பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். என் எண்ணை மாதையன் கொடுத்திருக்கிறார். நான் பேசத் தொடங்கியதும், தெரியும் சார், அவர் எல்லாம் சொன்னார் என்று நிறுத்தினார். மாதையன் பண்ணைக் கேட்டுக்கு வந்து, வாட்ச்மேனிடம், நான் அடித்த ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார், பார்க்க வேண்டும் என்றாராம். வாட்ச்மேன் பயந்துபோய் முனியப்பாவிடம் ஓடிவந்து, யாரோ சண்டைக்கு வந்திருக்கிறார்கள், பின்பக்கமாகப் போய்விடு என்றாராம். அதைச் சொல்லும்போது முனியப்பா கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்றேன். எழுதி வைத்திருந்ததைப் போல இல்லாமல் மொட்டையாக வந்தது.

"மொதல்ல எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, அவருகிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பன் சார். எனக்கு ஆனது ஆயிப்போச்சு. அந்த மனுசன் இப்ப தூங்கறதில்லயாம்."

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு எழுதப்போகிறேன், உங்கள் பெயரையும் என் தவறையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். போட்டுக்கொள்ளுங்கள் என்றார், காய்கறிக்காரரிடம் கொசுறு போடச் சொல்வதைப் போல. அப்புறம், மாதையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னார். பாரூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, அவ்வளவு தூரம். பண்ணையில் பம்ப் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். ஒரு தடவை அவர் வீட்டம்மாவும் வந்தார்கள்.

என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"மோட்டாரு, கரும்பு, ஏரித் தண்ணி. அதப் பத்தி மட்டும் பேசறதில்ல."

நானும் ஒரு ஞாயிறு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். "நீங்க வந்தா அதப் பத்திப் பேச வேண்டியதாயிடும்."

சரி என்றேன். வேலை பார்த்த நாளிலிருந்தே அவர் போனை முதலில் வைக்க மாட்டார். சார் வைத்த பிறகுதான் வைப்பார். அன்றைக்கும் வைக்காமல் இருந்தார். நான்தான் வைத்தேன்.